பாரிஸில் நவீன ஓவியங்களை வரிசை மாறாமல் பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை பாரிஸுக்குப் போனபோது நான் ஆர்சே அருங்காட்சியகத்தைப் பார்க்கவில்லை. கடைசி நாளுக்கென்று அதை ஒதுக்கி வைத்திருந்தேன். அது திங்கட்கிழமை. வாசல்வரை போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் காலை விமானம்.

அதைவிடப் பெரிய தவறு முதல் நாளே நடந்துவிட்டது. எல்லோரும் சொல்கிறார்களே என்று இறங்கியதும் பொம்பிடு மையம் என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். காந்தின்ஸ்கி, மிரோ, கடைப் பொருளையே கலை என்று தூஷான் வைத்த சிறுநீர்க் கலம். தொடர்கதையின் பதினேழாம் அத்தியாயத்தை முதலில் படித்தவன் நிலைமை எனக்கு. யார் யாரோடு சண்டை போடுகிறார்கள், எதற்காக என்று ஒன்றும் விளங்கவில்லை. தலைவலியோடு வெளியே வந்தேன்.

2025 அக்டோபரில் மனைவியோடு இரண்டாம் முறை போனபோது எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். ஐந்து நாள் போதுமானதாக இருந்தது. நான் பட்டது நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் பார்க்கும் வரிசை, பிறகு கிழமை, அதன் பிறகே விமான டிக்கெட்

நவீன ஓவிய இயக்கம் ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதோடு வழக்காடிக்கொண்டு பிறந்தது. அதனால் இந்த வரிசை: யதார்த்தவாதம், கண்ணில் படும் வெளிச்சத்தை அப்படியே பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிசம், அதற்குப் பிந்தைய வான்கோ, செசான், சூரா; பிறகு நிறத்தைப் பொருளிலிருந்து கழற்றிய ஃபாவிசம், ஒரு பொருளைப் பல பக்கத்திலிருந்து ஒரே படத்தில் காட்டிய கியூபிசம்; பிறகு பொருளுருவே இல்லாத அரூபம்; கடைசியில் இன்றைய கலை. இதை மாற்றினால் பாதிப் பணம் வீண்.

சிக்கல் என்னவென்றால், இந்த வரிசையைக் கிழமைகள் கெடுக்கும். ஆர்சே, மர்மோத்தான், பிக்காசோ அருங்காட்சியகம், நகராட்சியின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஆகிய நான்கும் திங்கட்கிழமை மூடியிருக்கும். மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் உள்ள ஒரான்ஜெரி, இன்றைய கலைக்கான பூர்ஸ் தெ கொமெர்ஸ் இரண்டும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஆகவே புதன்கிழமை போய் இறங்குங்கள், வியாழன் தொடங்கித் திங்கள் முடியுங்கள், செவ்வாய் கிளம்புங்கள். சனி, ஞாயிறு விடுப்பை ஒட்டித் திட்டம் போடும் நம் வழக்கத்தை இங்கே கைவிட்டாக வேண்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆர்சே, ஒரான்ஜெரி, பிக்காசோ மூன்றும் இலவசம். ஆர்சேக்கும் ஒரான்ஜெரிக்கும் அன்றைக்கும் முன்பதிவு வேண்டும். என்னைக் கேட்டால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மோனேயின் ஓவியம் தெரியாது, அதற்கு முன்னால் நிற்பவர்களின் பிடரி தெரியும்.

2. விசா: பணத்தைவிடத் தேதிகள்தான் கவிழ்க்கும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். 15 நாள் என்பது சட்டக் கணக்கு. அதை நம்பி உட்காராதீர்கள். கோடை விடுமுறையை ஒட்டிப் போவதென்றால் நேர்காணல் நேரம் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு தொடங்குவது என் கணக்கு.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இதில் எதுவும் திரும்பி வராது. பிரான்ஸ் அரசின் விசா இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, சென்னை மையத்தில் நேரில் கொடுத்து, விரல்ரேகை பதிய வேண்டும். நேரம் வாங்கித் தருகிறேன் என்று தனியாகப் பணம் கேட்கும் தரகர்களிடம் போகவேண்டாம்.

எடுத்துப்போக வேண்டியவை: பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டு, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து மேலும் மூன்று மாதமாவது செல்லுபடியாகும், இரண்டு வெற்றுப் பக்கமுள்ள கடவுச்சீட்டு, 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புதிய புகைப்படம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிப் படிவங்கள், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, போக வர விமான முன்பதிவு, பயணக் காப்பீடு. கூடவே எந்த நாள் எங்கே என்று ஒரு பக்கக் கடிதம். நான் அருங்காட்சியகப் பெயர்களை நாள்வாரியாக எழுதி வைத்தேன்.

என்னை அலைய விட்டது காப்பீடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், தங்கும் நாள் முழுதும் அது செல்ல வேண்டும். எனக்கு விற்றவர் ஐரோப்பிய நேரத்தையும் நம் நேரத்தையும் குழப்பி, நான் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளோடு முடித்துவிட்டார். விண்ணப்பக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். புதிய நேரம் வாங்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. காப்பீட்டை இரு பக்கமும் இரண்டிரண்டு நாள் கூட்டி வாங்குங்கள். அதிகச் செலவு சில நூறு ரூபாய்தான்.

இன்னும் இரண்டு பொறிகள். தங்குமிட முன்பதிவில் உங்கள் பெயர் மட்டும் இருந்து, கூட வருபவர் பெயர் இல்லாவிட்டால் அவருடைய கோப்பு நிற்கும். வங்கிக் கணக்கில் கடைசி வாரத்தில் மாமனார் போட்ட இரண்டு லட்சம் உதவாது, கேள்விதான் வரும். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பாத விமான டிக்கெட் வாங்காதீர்கள்.

3. நுழைவுச் சீட்டு: பாஸ் வாங்குமுன் கூட்டிப் பாருங்கள்

விசா வந்த அன்றே உட்கார்ந்து நேரம் குறித்த சீட்டுகளை அந்தந்த அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விற்பனைத் தளங்கள் அதே சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும். முதலில் தீர்வது ஒரான்ஜெரி. அதை வாங்கிவிட்டு மற்றதை வாங்குங்கள்.

நாங்கள் போனபோது ஆர்சே இணையத்தில் 16 யூரோ, ஒரான்ஜெரி 12.50, பிக்காசோ 16. மர்மோத்தானும் பூர்ஸ் தெ கொமெர்ஸும் தலா பதினைந்து யூரோ அளவில். நகராட்சியின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நிரந்தரத் தொகுப்பு இலவசம். ஆக மொத்தம் ஒருவருக்கு ஏறத்தாழ 75 யூரோ. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆர்சேயிலும் ஒரான்ஜெரியிலும் கட்டணமில்லை.

பாரிஸ் மியூசியம் பாஸ் என்று ஒன்று விற்கிறார்கள். லூவ்ர், வெர்சாய் என்று அலைபவர்களுக்கு அது லாபம். நம் பட்டியலில் அது செல்லுமிடம் ஆர்சே, பிக்காசோ, ஒரான்ஜெரி மூன்றுதான். மூன்றின் சீட்டும் சேர்ந்து 45 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. நான்கு நாள் பாஸ் அதைவிட அதிகம். போதாததற்குப் பாஸ் இருந்தாலும் ஒரான்ஜெரிக்குத் தனியாக நேரம் பதிய வேண்டும். இது தெரியாமல் பாஸைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை வாசலில் பார்த்தேன்.

லூவ்ர் போகவேண்டாமா என்று கேட்பீர்கள். போங்கள், ஆனால் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகான ஓவியம் அங்கே ஏறக்குறைய இல்லை. ஆர்சேயின் தொகுப்பு தொடங்குவது 1848-இல்.

4. வியாழன்: ஆர்சே, மதியத்துக்குப் பிறகு

ஆர்சே மற்ற நாள் மாலை ஆறு மணிக்கு மூடும். வியாழக்கிழமை இரவு 9.45 வரை திறந்திருக்கும். இரண்டு மணிக்கு நுழையுங்கள். சுற்றுலாக் குழுக்கள் ஐந்து மணிக்குக் கலைந்துவிடும். அதற்குப் பின், ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்த அந்தக் கட்டடம் உங்களுக்குத்தான்.

எல்லோரும் ஐந்தாம் தளத்துக்கு ஓடுவார்கள். இம்ப்ரெஷனிசம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் தரைத்தளத்தில் தொடங்குங்கள். யதார்த்தவாதிகளான கூர்பேயையும், மியேயின் கதிர் பொறுக்கும் பெண்களையும் பாருங்கள். பிறகு மானேயின் (மோனே வேறு ஆள்) ஒலிம்பியா, படுத்திருக்கும் நிர்வாணப் பெண். 1863-இல் வரையப்பட்டது. உடலின் வளைவுகளில் நிழல் ஏறக்குறைய இல்லை. வெட்டி ஒட்டிய காகிதம் போலத் தட்டையாக இருக்கிறது. நேரே நம்மைப் பார்க்கிறாள். அந்தத் தட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போனால்தான் அடுத்து வருகிறவர்கள் என்ன செய்தார்கள் என்பது பிடிபடும்.

ஐந்தாம் தளத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். கேபோத்தின் தரை இழைப்பவர்கள், ரெனுவாரின் மூலன் தெ லா கலெத் நடனம், தெகாவின் அப்சிந்த் ஆகிய மூன்று ஓவியங்கள் போதும். ரெனுவாரின் ஓவியத்தில் ஆட்களின் கோட்டுமீது திட்டுத்திட்டாக வெளிச்சம் விழுந்திருக்கும். மரநிழல் வழியே வரும் வெயில். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், பிறகு அருகே போங்கள். கிட்டே போகப்போக ஆள் மறைந்து சாயம் மட்டும் மிஞ்சும். இம்ப்ரெஷனிசத்துக்கு எனக்குத் தெரிந்த பாடம் இந்தப் பத்தடி நடைதான்.

நன்றாக நேரம் வைத்துக்கொள்ள வேண்டியது செசானுக்கு. ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும் என்ற ஓவியத்தின் முன்னால் கால்மணி நேரமாவது நில்லுங்கள். தட்டு ஒரு பக்கத்திலிருந்தும் மேசை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கப்பட்டிருக்கின்றன. பழம் எந்த நொடியும் உருண்டு விழும் போலிருக்கும், விழாது. சனிக்கிழமை பிக்காசோவிடம் போகும்போது இந்த மேசைதான் சாவி. முதல் பயணத்தில் இது கையில் இல்லாமல்தான் நான் தடுமாறினேன்.

சூராவின் சர்க்கஸையும் வான்கோ அறைகளையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அறைகள் அவ்வப்போது இடம் மாற்றப்படுவதால் அன்றைய வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். முக்கியமான எச்சரிக்கை: இங்கே இருப்பது 1888-இல் வரைந்த, ரோன் ஆற்றின் மேலான விண்மீன் இரவு. காலண்டர்களில் நீங்கள் பார்க்கும், வானம் சுழலும் ஓவியம் நியூயார்க்கில் இருக்கிறது. சூரியகாந்தியும் இங்கே இல்லை. அதைத் தேடிக் காவலரைத் துளைக்காதீர்கள்.

பெரிய பைகளைக் காப்பறையில் வாங்கிக்கொள்வார்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள். ஃப்ளாஷும் செல்ஃபி குச்சியும் கூடாது. வசதியான காலணி போடுங்கள். ஏழு மணி நேரம் கல் தரையில் நிற்பது விளையாட்டல்ல.

5. வெள்ளி: ஒரே மெட்ரோ தடத்தில் இரண்டு

காலை பத்து மணிக்கு மர்மோத்தான் மோனே. ஒன்பதாம் தடத்தில் லா முயெத் நிலையத்தில் இறங்கிப் பூங்கா வழியே நடக்கவேண்டும். இம்ப்ரெஷனிசத்துக்குப் பெயர் கொடுத்த, 1872-இல் வரைந்த சூரியோதய ஓவியம் இங்கேதான் இருக்கிறது. அரை மீட்டர் உயரம்கூட இல்லை. ஆர்சேயில் இருக்கும் என்று நினைத்துப் போனவர்கள் பலர். இந்த ஓவியம் சில சமயம் வெளிக் கண்காட்சிக்குப் போய்விடும். சீட்டு வாங்குமுன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

அதே ஒன்பதாம் தடத்தில் மூன்று நிலையம் தள்ளி இயெனா. இறங்கினால் நகராட்சியின் நவீனக் கலை அருங்காட்சியகம். இலவசம் என்பதாலோ என்னவோ பலர் இதைத் தவறவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த இடம் இது. நிறம் பொருளிலிருந்து கழன்று தன்போக்கில் போவதை, அதாவது ஃபாவிசத்தை, மத்தீஸ், தெரன் இருவரிடமும் பாருங்கள். ராபர்ட் தெலோனேயின் கார்டிஃப் அணியில் ரக்பி வீரர்கள், ஈபிள் கோபுரம், ராட்டினம் எல்லாம் ஒரே தளத்தில் அடுக்கியிருக்கும்.

ஒரு கூடம் முழுக்க துஃபியின் மின்சாரத் தேவதை. 1937 உலகக் கண்காட்சிக்காக 250 பலகைகளில் வரைந்தது. பத்து மீட்டர் உயரம், அறுபது மீட்டர் நீளம். நடுவில் ஒரு பெஞ்சு பிடித்து உட்கார்ந்துவிடுங்கள்.

மத்தீஸின் நடனம் தனி அறையில் இருக்கிறது. ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளரின் சுவருக்காக ஏறக்குறைய வரைந்து முடித்த பிறகுதான் அளவு தவறு என்று தெரிந்ததாம். அவர் இன்னொன்றை முழுதாக வரைந்து கொடுத்தார். தவறான அளவில் வரைந்ததுதான் நாம் பார்ப்பது. காப்பீட்டுத் தேதியில் கவிழ்ந்த எனக்கு இதைப் படித்ததும் மனம் ஆறியது.

6. சனி: பிக்காசோ

பிக்காசோ அருங்காட்சியகம் மரே பகுதியில் ஒரு பழைய மாளிகைக்குள் இருக்கிறது. முற்பகல் நேரம் பதியுங்கள். 1901-இன் நீலநிறத் தன்னுருவத்தில் தொடங்கி, 1912-இன் ‘பிரம்பு நாற்காலியோடு கூடிய அசைவற்ற பொருள்கள்’ என்ற படைப்புக்கு வாருங்கள். பிரம்புப் பின்னல் வரையப்பட்டதல்ல. பின்னல் அச்சிட்ட மேசைவிரிப்புத் துணியை ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றியிருக்கிறார். செசானின் மேசை நினைவிருந்தால் இது புதிராக இருக்காது. இங்கிருந்து தூஷானின் சிறுநீர்க் கலத்துக்கும் அதிக தூரமில்லை: நிஜப் பொருள் ஓவியத்துக்குள் வந்துவிட்டது. சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துச் செய்த காளைத் தலையையும் தேடிப் பாருங்கள்.

காட்சிகளை அடிக்கடி மாற்றி அடுக்குவார்கள், எல்லாம் எப்போதும் சுவரில் இருக்காது. பிக்காசோவின் கெர்னிகா ஓவியம் மாட்ரிட்டில் இருக்கிறது. அவிஞோன் பெண்கள் நியூயார்க்கில்.

7. ஞாயிறு: வெளியூர், ஒன்றே ஒன்று

ஓவெர்-சுர்-உவாஸ், ஜிவெர்னி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓவெரில் வான்கோ கடைசி நாள்களைக் கழித்தார். ஆர்சேயில் அவருடைய ஓவியத்தில் பார்த்த தேவாலயம் அங்கே அப்படியே நிற்கிறது, கல்லறையில் அவரும் தம்பி தியோவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ஜிவெர்னியில் மோனேயின் தோட்டம். அங்கே மூல ஓவியங்கள் இல்லை, அல்லிக்குளம்தான். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நவம்பர் முதல் தேதி வரைதான் திறப்பார்கள். குளிர்காலத்தில் போய் நின்றால் வேலிதான் மிச்சம். நாங்கள் ஓவெர் போனோம். எதற்குப் போவதானாலும் அக்டோபரைப் பரிந்துரைக்கிறேன்: இரண்டுமே திறந்திருக்கும், கோடைக் கூட்டம் வடிந்திருக்கும்.

திரும்பி வரும்போது வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பெல். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான்கு நாள் ரொட்டிக்குப் பிறகு அங்கே சாப்பிட்ட தோசையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

8. திங்கள்: அல்லிக்குளம், அதன் பிறகு இன்றைய கலை

ஒரான்ஜெரியை இம்ப்ரெஷனிச நாளோடு சேர்க்காமல் ஏன் கடைசியில் வைத்தேன்? இந்த எட்டு அல்லிக்குள ஓவியங்களும் 1914-க்குப் பிறகு, மோனே 1926-இல் இறக்கும்வரை வரையப்பட்டவை. கியூபிசத்துக்குப் பிந்தியவை. கரையும் இல்லை, தொடுவானமும் இல்லை. முதல் நாளே பார்த்தால் அழகான பூக்கள். பிக்காசோவுக்குப் பிறகு பார்த்தால் அரூப ஓவியத்தின் வாசல். கூரை வழியே பகல் வெளிச்சம் வருவதால் காலையில் போங்கள். ஒன்பது மணிக்குத் திறந்ததும் முதல் நேரம் கிடைத்தால் விடாதீர்கள்.

அங்கிருந்து துயிலெரி தோட்டத்தின் வழியே நடந்தால் அரைமணியில் பூர்ஸ் தெ கொமெர்ஸ். தோட்டத்தில் அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்களிடம் நிற்காதீர்கள். ஒருவர் பேசுவார், இன்னொருவர் பையைத் துழாவுவார். பூர்ஸ் பதினொரு மணிக்குத் திறக்கும். பழைய தானியச் சந்தையின் வட்டக் கூடத்துக்குள் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ எழுப்பிய கான்கிரீட் வளையமே பார்க்கத் தக்கது. உள்ளே நிறுவல் கலை (பொருள்களை அடுக்கி அறையையே படைப்பாக்குவது), வீடியோ. கண்காட்சி மாறிக்கொண்டே இருக்கும். ஆர்சேயில் விளக்கப் பலகையைப் படிக்காமல் ஓவியத்தைப் பாருங்கள் என்பேன். இங்கே நேர்மாறு: முதலில் பலகையைப் படியுங்கள். படித்த பிறகும் பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்குப் போய்விடலாம், குற்றவுணர்வு வேண்டாம். எனக்கு மூன்றில் ஒன்று பிடித்தது.

9. பொம்பிடு இல்லாத இடைவெளி

சர்ரியலிசம் (கனவுபோன்ற காட்சிகள்), அரூபம், பாப் ஆர்ட் (விளம்பரம், சித்திரக்கதை போன்றவற்றிலிருந்து எடுத்த கலை) ஆகியவற்றின் முக்கியத் தொகுப்பு பொம்பிடுவில். புதுப்பிப்புக்காக அது 2025-இல் மூடப்பட்டுவிட்டது. 2030-இல்தான் திறக்கத் திட்டம். புரியாமல் நான் சுற்றிவந்ததை, புரியும் நிலையில் போய்ப் பார்க்க வழியில்லை. பழைய பயண நூல்கள் இன்னும் அதைத் திறந்தே வைத்திருக்கின்றன. அதன் படைப்புகள் வேறு இடங்களில் கண்காட்சிகளாக வருகின்றன, கிளம்புமுன் பாருங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போய்வரலாம். பாரிஸிலிருந்து நேரடி ரயிலில் மூன்றரை மணிக்குள். லுட்விக் அருங்காட்சியகம் ரயில் நிலையத்துக்கு அடுத்தாற்போல, பேராலயத்தின் பின்னால். பாப் ஆர்ட் தொகுப்புக்குப் பெயர்பெற்றது. அதுவும் திங்களில் மூடியிருக்கும், ஆகவே செவ்வாய் போங்கள். அதே ஷெங்கன் விசா செல்லும். விசாவை அதிக நாள் தங்கும் நாட்டின் வழியே கேட்கவேண்டும் என்பது விதி, அதாவது பிரான்ஸ். லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் இன்னும் சிறந்தது, நிரந்தரத் தொகுப்பு இலவசம். ஆனால் பிரிட்டனுக்கு விசா தனி, விண்ணப்பமும் பணமும் தனி.

10. சில்லறைச் செலவுகள்

2025-இல் மெட்ரோ ஒரு பயணம் இரண்டரை யூரோ, விமான நிலையத்துக்கு 13 யூரோ. நவிகோ ஈசி என்ற பயண அட்டையை இரண்டு யூரோவுக்கு ஆளுக்கு ஒன்று வாங்கி அதில் பயணங்களை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. பரிசோதகர் பிடித்தால் அபராதம். வார அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். புதன்கிழமை இறங்கும் நமக்கு அது நஷ்டம். 

விடுதியில் நீங்கள் இணையத்தில் கட்டியது போக, ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று சுற்றுலா வரி கேட்பார்கள். ஏமாற்று அல்ல, கட்டித்தான் ஆகவேண்டும். யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியக உணவகங்களில் அந்தக் கணக்கைப் போடாமல் இருப்பது நல்லது. தண்ணீர்ப் புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள், குழாயிலேயே நிரப்பிக் குடிக்கலாம்.

சீட்டுகள் எல்லாவற்றையும் கைப்பேசியில் இறக்கி வைத்ததோடு, ஒருமுறை காகிதத்திலும் அச்செடுத்து வையுங்கள். ஒரான்ஜெரி வாசலில் என் கைப்பேசி மின்சாரம் தீர்ந்து அணைந்தபோது, மனைவியின் கைப்பையில் இருந்த அந்த மடித்த தாள்தான் எங்களை உள்ளே விட்டது.